கை வெடிச்சுப் போச்சு, நாள் முழுக்க கிளவுஸ் போட்டுக்கலாமா?

பெகு பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பர்மாவுல பெகுங்கற ஊர்ல ஒரு சின்ன கிளினிக்குல எட்டு மாசமா நர்ஸுக்கு உதவியாளா இருக்கேன். புண்ணுக்குக் கட்டுப் போடறது, பிரசவம் ஆனவங்களையும் குழந்தையையும் பாத்துக்கறது எல்லாம் நான்தான். கரண்டு இருந்தாதான் மோட்டார் ஓடும். மத்த நேரம் டிரம்முல பிடிச்சு வெச்ச தண்ணிய மொண்டுதான் கை கழுவறோம். சோப்புப் போட்டுப் போட்டு விரல் மடிப்பெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது. ராத்திரி சோறு பிசைய முடியல, காந்துது. அம்மாதான் ஊட்டி விடறாங்க. பெரிய சயாமா, அதான் எங்க பெரிய நர்ஸம்மா, "கிளவுஸ மாட்டிக்க, ஆளுக்கு ஆள் நடுவுல அது மேலயே சானிடைசர் ஊத்திக்க"ன்னு சொல்றாங்க. அந்தக் கிளவுஸோட பச்சப் பிள்ளையத் தூக்க மனசு ஒப்பல. சயாமா சொல்றது சரியா?

ரங்கூன் தம்பி:
கொரோனா சமயத்துல நாங்களும் அப்படித்தான் செஞ்சோம். ஒண்ணும் ஆகல. பயப்படாதீங்க.

மோல்மேன் அக்கா:
தம்பி, ஒண்ணும் ஆகலன்னு நமக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குப் போன நோயாளிக்குப் புண் சீழ் பிடிச்சா நம்மகிட்ட வந்தா சொல்லப் போறாங்க?

தங்கச்சி, நான் முப்பது வருஷம் பிரசவ வார்டுல இருந்தவ. உன் மனசு சொன்னதுதான் சரி. ஒரு கிளவுஸ் ஒரு ஆளுக்குத்தான். சானிடைசர் பட்டா அந்த ரப்பர் கெட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும், கழட்டறப்ப அழுக்கு கையில ஒட்டும். அதனால கழட்டின உடனே கைய சுத்தம் பண்ணியே ஆகணும். ஈரக் கையில மாட்டினா வெடிப்பு இன்னும் மோசமாகும்.

நீ ஒவ்வொரு தடவையும் சோப்புக்குப் போறதுதான் வினை. கையில அழுக்கோ ரத்தமோ கண்ணுக்குத் தெரிஞ்சா, கக்கூஸ் போய் வந்தா, வயித்துப்போக்கு நோயாளியத் தொட்டா சோப்பும் தண்ணியும். மொத்தம் 40லேருந்து 60 விநாடி. மத்த நேரத்துக்கு கிளிசரின் கலந்த ஆல்கஹால் திரவமே போதும். உள்ளங்கை நிறைய எடு, 20லேருந்து 30 விநாடி, காயற வரைக்கும் தேய். சோப்பு போட்ட கையோட ஆல்கஹாலும் போடாத, அதுலயே பாதித் தோல் போயிடும். வெடிப்பு ஆறற வரைக்கும் ஆல்கஹால் எரியத்தான் செய்யும். ராத்திரி வாசலின் தடவிப் படு. ரத்தம் நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டு, புண்ணுக் கையோட கட்டுப் போடப் போகாத.

உங்க இடத்துல கை துடைக்க ஆணியில ஒரே துண்டு தொங்குதா? எனக்கு அதுதான் பெரிய கவலை. பழைய பருத்திக் கைலியக் கைக்குட்டை அளவுக்குக் கிழிச்சு வெச்சுக்க, ஒரு தடவைக்கு ஒண்ணு. கொதிக்க வெச்சுத் துவை. மழைக்காலத்துல காயலன்னா இஸ்திரி போடு. டிரம்முக்கு அடியில ஒரு குழாய் வெக்கச் சொல்லு, யாரும் உள்ள கைய விட வேண்டாம்.

இன்னொண்ணு. எண்ணெயில மஞ்சத்தூளக் குழைச்சு உள்ளங்கையில ஊத்திக்க. கண்ண மூடிக்கிட்டு வழக்கமா கை தேய்க்கற மாதிரி தேய். கண்ணத் திறந்து பாரு, மஞ்ச ஒட்டாத இடம்தான் நீ தேய்க்காம விடற இடம். எனக்கு முதல் தடவ வலது கட்டைவிரல் முதுகும் நகத்து நுனியும் வெள்ளையாவே இருந்துச்சு. அந்தக் கையாலதான் ரெண்டு வருஷமா தொப்புள்கொடி கட்டியிருந்தேன். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. 1847ல வியன்னாவுல செம்மல்வைஸ்ங்கற டாக்டர், பிணத்த அறுத்த கையோட பிரசவம் பாக்கப் போனவங்கள குளோரின் தண்ணியில கை கழுவ வெச்சார். தாய்மார் சாவு மளமளன்னு குறைஞ்சுது.

நோயாளியத் தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நமக்கு ஞாபகம் இருக்கும். கட்டில் கம்பி, டிரிப் ஸ்டாண்டு, போர்வை தொட்டுட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போறதுலதான் கோட்ட விடறோம்.

மருந்துக்கடை:
அக்கா சொன்ன திரவத்த கிளினிக்கே கலந்துக்கலாம். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு, 10 லிட்டருக்கு: 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரின் 145 மில்லி, மீதிக்குக் கொதிக்க வெச்சு ஆறின தண்ணி. கலந்து 72 மணி நேரம் மூடி வெச்சுட்டுத்தான் எடுக்கணும், பாட்டில்ல விதை மாதிரி உறங்கிக் கிடக்கற கிருமி அந்த நேரத்துலதான் சாகும். நெருப்புப் பக்கத்துல கலக்காதீங்க. சிக்கனம்னு மேல தண்ணி ஊத்தினா வேலை செய்யாது. தொழிற்சாலை ஸ்பிரிட்டு வாங்கவே வாங்காதீங்க. அதுல மெத்தனால்ங்கற விஷ ஆல்கஹால் கலந்திருக்கலாம், அது தோல் வழியாவும் உடம்புல ஏறும்.

பெகு பொண்ணு:
அக்கா, மஞ்சள் போட்டுப் பாத்தேன். எனக்கும் கட்டைவிரல்தான்! பெரிய சயாமாவையும் போட வெச்சேன். பாத்துட்டு ஒண்ணும் பேசல, துண்ட மட்டும் ஆணியிலேருந்து எடுத்துட்டாங்க. குழாய் நாளைக்கு வைக்கறாங்க. கல்யாண மோதிரத்த என்ன செய்யறது? கழட்டினா மாமியார் கோவிச்சுக்குவாங்க.

மோல்மேன் அக்கா:
மோதிரத்துக்கு அடியில ஈரமும் கிருமியும் தங்கும், கழட்டத்தான் வேணும். டூட்டி நேரத்துல ஊக்குல கோத்து ரவிக்கையோட உள்பக்கம் குத்திக்க. வளையலும் அப்படியே. நான் கடைசி வரைக்கும் அப்படித்தான் வெச்சிருந்தேன், ஒரு நாளும் தொலைஞ்சதில்ல. மாமியார் கேட்டா அந்த மஞ்சள் கைய அவங்களுக்கும் காட்டு.