டிரேக் நீரிணை நடுவே ஒரு கறுப்புப் பனிக்கட்டி: பாய்க்கப்பலில் போனவர்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

நள்ளிரவு_வாட்ச்

அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து அண்டார்க்டிகாவுக்குக் கிளம்பி நாலாவது ராத்திரி, 61 டிகிரி தெற்கு. மூன்று பாய்மரம் வைத்த பார்க் வகைக் கப்பல், 56 மீட்டர் நீளம். பயணிகளும் வாட்ச் நிற்க வேண்டும். நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு என்பதெல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

முந்தின நாள்தான் கடல்நீர் வெப்பம் 6 டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு மளமளவென்று இறங்கியிருந்தது. அண்டார்க்டிக் குளிர்நீர் தொடங்குகிற எல்லை அது, தாண்டினால் ஐஸ் வாட்ச், அதாவது பனிக்கட்டிக் காவல், ஆரம்பம். பிப்ரவரி கடைசி, நல்ல இருட்டு. முன்தளத்தில் லுக்கவுட் இரண்டு பேர். ஒருவர் வலப்பக்கம் வெள்ளையாக ஏதோ கண்டார். அலை நுரையாக இருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்த அலையிலும் அதே இடத்தில் வெள்ளை. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று காத்திருந்தார். மூன்றாவது அலையும் அங்கேயே உடைந்த பிறகுதான் கத்தினார்.

கணக்கு இதுதான். அலைக்கும் அலைக்கும் நடுவே பத்து வினாடி. கப்பல் ஆறு நாட், அதாவது வினாடிக்கு மூன்று மீட்டர். முதல் அலைக்கும் மூன்றாவது அலைக்கும் இடையில் 60 மீட்டர், ஒரு முழுக் கப்பல் நீளம், போயே போய்விட்டது. சுக்கானை முழுசாகத் திருப்பியும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளித்தான் அது கடந்து போனது. தண்ணீருக்கு மேலே தெரிந்தது ஒரு சாப்பாட்டு மேசை அளவு. கீழே எவ்வளவோ. நிறம் வெள்ளை இல்லை, கறுப்பு. பழைய பனிக்கட்டி அழுந்தி அழுந்திக் காற்றுக்குமிழி எல்லாம் வெளியேறினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ராத்திரியில் கடலின் நிறமே அதற்கும். வெள்ளையாகத் தெரிந்தது அதன் மேல் உடைந்த நுரை மட்டும்தான்.

ரேடார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அலை உயரமாக இருந்தால் திரையின் நடுப்பகுதி முழுக்க அலைப்புள்ளியாக இரைந்து கிடக்கும். அந்த இரைச்சலைக் குறைக்க வடிகட்டியை ஏற்றினால் ஒரு மீட்டர்கூட உயரமில்லாத இந்தக் கட்டியும் சேர்ந்து அழிந்துவிடும். மலை மாதிரி நிற்கிற பனிப்பாறையை ரேடார் பார்த்துக்கொள்ளும். இதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும்.

சுக்கான்_கை

லுக்கவுட்டைக் குறை சொல்வது சுலபம். அவருக்கு வாட்ச் தொடங்கும்போது என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். "பனிக்கட்டி கண்டால் சொல்" என்றால் எவரும் பனிக்கட்டிதானா என்று உறுதி செய்யத்தான் பார்ப்பார். "இடம் மாறாத வெள்ளை எதுவானாலும் உடனே சொல், என்னவென்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். பொய்த் தகவல் பத்து வந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று, இருட்டில் ஐஸ் பகுதியில் ஆறு நாட் எதற்கு? குறுக்குப்பாய்க் கப்பலுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் நடுமரத்துப் பாய்களைத் திருப்பிக் காற்று முன்பக்கத்தில் அறையும்படி செய்ய வேண்டும். அதற்கு இரண்டு பக்கத்துக் கயிறுகளிலும் ஆள் வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு வாட்சில் இருபது பேர் என்று கணக்கு இருக்கும். இரண்டு பேர் லுக்கவுட், இரண்டு பேர் சுக்கான், மிச்சத்தில் பாதிப்பேர் டெக்ஹவுஸில் டீயோடு இருப்பார்கள். அதனால் இருட்டுவதற்கு முன்பே மேல்பாய்களைச் சுருட்டி, இன்ஜினைத் தயாராக வைத்து, மூன்று நாலு நாட் வேகத்தில் போவதுதான் முறை.

பெரிய பனிப்பாறையைக் கடக்கும்போது காற்று வருகிற பக்கமாகக் கடக்க வேண்டும். பாறையின் அடிப்பகுதி தண்ணீருக்குள் ஆழமாக இருக்கும், அது நீரோட்டத்தோடு போகும். அதிலிருந்து உடைந்த துண்டுகள் காற்றோடு போகும். இலையிலிருந்து சிந்திய பருக்கை மாதிரி அவ்வளவும் காற்று போகிற பக்கத்தில்தான் சிதறிக் கிடக்கும்.

கயிறுகட்டி

பனிக்கட்டியைவிடக் கயிறு பயங்கரம். விடியற்காலை சூறைக்காற்று, உச்சிப்பாயை இறக்கச் சொன்னார்கள். உச்சிப்பாய் தொங்குகிற பருமலை (குறுக்குக் கம்பத்தை) ஏற்றி இறக்கும் கயிறும் அதற்குக் கீழேயுள்ள பாயின் கயிறும் அடுத்தடுத்த பின்னில், அதாவது கயிற்றைச் சுற்றிக் கட்டுகிற கட்டையில். இருட்டில் ஒருவர் பக்கத்துப் பின்னைப் பிடித்துவிட்டார். அதுகூடப் பிழைத்துப் போயிருக்கும். சுற்று எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கழற்றிவிட்டார். கயிறு பின்னை அறுப்பது போல ஓடின சத்தம் இன்னும் போகவில்லை. தரையில் போட்டிருந்த கயிற்றுச் சுருளுக்குள் ஒரு பயணியின் பூட்ஸ் கால். பக்கத்தில் நின்ற மாலுமி அவரை ஜாக்கெட்டோடு பின்னால் இழுத்துப் போட்டார். ஓடுகிற கயிற்றை யாரும் தொடவில்லை, அதனால் எல்லாருக்கும் உள்ளங்கை மிஞ்சியது. பருமல் இறங்கி, முனைகளைத் தாங்கும் கயிறுகளில் உட்கார்ந்து நின்றது.

பின் கட்டை வரிசைக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு. கீழ்ப்பாயின் கயிறு முன்பக்கத்தில், பாய் உயர உயரக் கயிறு பின்பக்கம் நகரும். இதை முதல் நாள் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பழக வேண்டும். கட்டும்போது அடியில் ஒரு முழுச்சுற்று, அதன் மேல் மூன்று எட்டு, அவ்வளவுதான். கடைசியில் முடிச்சு போட்டுப் பூட்டக் கூடாது. நனைந்து இறுகிவிட்டால் அவசரத்தில் கழலாது. அவிழ்க்கும்போது எட்டுகளை மட்டும் எடுக்க வேண்டும், அடிச்சுற்று இருக்கவே வேண்டும். அந்த ஒரு சுற்றின் உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. சுருளைப் பின்னிலிருந்து எடுத்துத் தரையில் போட்டதும் இரண்டடி விலகி நிற்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் கயிற்றின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், தப்பான பெயர் என்றால் யாராவது ஒருவர் கேட்டு நிறுத்துவார்.

மெதுமெது

காது ஓரம் ஒட்டும் வாந்தித் தடுப்புப் பட்டை பற்றி ஒன்று. இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டில் ஒரு பயணியின் ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாக விரிந்து கிடந்தது. எதிரே இருந்தவர் பக்கவாதம் என்றே நினைத்துவிட்டார். கப்பல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பட்டையைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினீர்களா?"

ஆகவே போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. பட்டையை அலை ஆரம்பித்த பிறகு ஒட்டிப் பயனில்லை. கப்பல் பீகிள் கால்வாயில் இருக்கும்போதே, திறந்த கடலைத் தொடுவதற்குக் குறைந்தது நாலு மணி நேரம் முன்பே ஒட்டிவிட வேண்டும். ஒன்று மூன்று நாள் வரும். முடி இல்லாத இடத்தில், காதுக்குப் பின்னால். ஒட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், எடுத்த பிறகும் அப்படியே. கண் அழுத்த நோய் உள்ளவர்கள் போடவே கூடாது. வயதானவர்களுக்குக் குழப்பம் வரலாம், வாய் வறளும், சிறுநீர் தடைபடலாம். ஆகவே ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்ப்பது உத்தமம். மாத்திரைதான் என்றால் முதல் வாந்திக்கு முன்பே விழுங்க வேண்டும், வாந்தி வந்த பின் அது வயிற்றில் தங்காது. வெறும் வயிறு கூடாது, உப்பு பிஸ்கட், இஞ்சி நல்லது. கீழ்த்தளத்தில் குனிந்து பெட்டி தேடக் கூடாது, வேண்டியதை முதல் நாளே மேலே எடுத்து வைத்துக்கொள்ளவும். சுக்கான் பிடிக்கிற அரைமணி நேரம் பாதிப்பேருக்கு வாந்தியே வராது, அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால். படுக்கையில் கப்பல் சாய்கிற பக்கம் சுவர் இருந்தால் தூங்கலாம், இல்லையென்றால் படுக்கை ஓரத்துத் துணித் தடுப்பை உயர்த்திக் கட்டிவிடவும்.

பாய் விரித்து ஓடும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிலையாக இருக்கும். பாயைச் சுருட்டி வெறும் இன்ஜினில் ஓட்டினால்தான் இரண்டு பக்கமும் ஊசலாடும். அதனால்தான் இன்ஜினில் போகும்போதும் மரங்களுக்கு நடுவே முக்கோணப் பாய் ஒன்றிரண்டு விட்டு வைப்பார்கள். எரிபொருள் கஞ்சத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நள்ளிரவு_வாட்ச்

சார், பனிக்கட்டி திரி இது.

வல்வைக்காரன்

கயிறுகட்டி அண்ணை பருமல் எண்டு எழுதினதைக் கண்டு சந்தோசம். எங்கட ஊரில குறுக்குக் கம்பத்துக்கு அதுதான் பேர். 1938இல வல்வெட்டித்துறை அன்னபூரணிக் கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் கிளொஸ்டர் துறைமுகத்துக்குப் போனதும் பருமலில கட்டின பாயோடதான்.

மறக்க ஏலாதது ஒண்டு. பாய்மரத்தில முதல் தட்டுக்கு ஏறேக்க, தட்டுக்குக் கீழ ஏணி வெளிப்பக்கமாச் சரிஞ்சு நிக்கும். அந்த இடத்தில ஒருத்தர் இருபது நிமிசம் ஒட்டிக்கொண்டு நிண்டவர். மேலயும் இல்லை, கீழயும் இல்லை. பயந்தாங்கொள்ளி எண்டு சிரிக்கக்கூடாது. அவர் ஏறினது பிழையான பக்கம். எப்பவும் காத்து வாற பக்கத்தால ஏற வேணும். அந்தப் பக்கம் காத்து ஆளை ஏணியோட சேர்த்து அமத்தும், கப்பல் மற்றப் பக்கம் சரியிறதால ஏணியும் படுத்துக் கிடக்கும். மற்றப் பக்கம் ஏறினா ஏணி முதுகுப் பக்கமா விழும், காத்தும் பிச்செடுக்கும். கையால நெட்டுக் கம்பிவடத்தைத்தான் பிடிக்கோணும், குறுக்குப் படியை இல்லை. படி அறுந்தாலும் வடம் அறாது. பருமலுக்குக் கீழ தொங்கிற கால்கயிறில இறங்க முதல் சத்தம் போட்டுச் சொல்லோணும், நீங்கள் மிதிச்சா ஏற்கனவே நிக்கிறவற்ற கால் மேல தூக்கும். சேஃப்டி பெல்ட்டின்ர கொக்கியை ஏறத் தொடங்க முதல் ஒருக்கா மாட்டிக் கழட்டிப் பாக்கோணும். சட்டைப்பையில ஒண்டும் வேண்டாம். போனைச் சொல்லுறன்.

பொத்தான்_மாலுமி

இவ்வளவு ஏற்றமும் இறக்கமும் எதற்கு? ராயல் கிளிப்பர் மாதிரி ஐந்து மரம், 42 பாய் வைத்த கப்பலிலேயே குறுக்குப்பாய் பருமலுக்குள் மோட்டாரால் சுருண்டுவிடுகிறது, மேலே ஆள் ஏறத் தேவையில்லை.

கயிறுகட்டி

சுருளும், ஒழுங்காகச் சுருட்டினால். பாயின் இரண்டு கீழ்முனைக் கயிறுகளையும் ஒரே வேகத்தில் விட வேண்டும். ஒரு பக்கம் வேகமாக விட்டால் துணி அந்தப் பக்கம் குவிந்து மடிந்து, பருமலின் வாயில் சிக்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. காற்று ஏறுகிற நேரத்தில் பாதிப்பாய் அடித்துக்கொள்வதைவிடக் கேவலம் எதுவுமில்லை. அப்போது மேலே ஏறத்தான் வேண்டும், அந்தக் கப்பலிலும். பொத்தான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொத்தானை அழுத்துகிறவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டும்.

உப்புத்துணி

காற்றுப் பக்கமாகக் கடப்பது பற்றி சுக்கான்_கை சொன்னது பாதி சரி. இன்ஜின் கப்பலுக்கு முழுச் சரி. பாயை மட்டும் நம்பிக் காற்றுப் பக்கமாக ஒட்டிப் போய், பாறைக்கு அருகே காற்று செத்துவிட்டால்? அலை கப்பலைப் பாறை மேலேயே தள்ளும். குறுக்குப்பாய்க் கப்பல் காற்றை எதிர்த்து ஏறாது, காற்றுத் திசைக்கு ஏறத்தாழ 60 டிகிரிக்குள் போகவே முடியாது. ஆகவே காற்றுப் பக்கம்தான், ஆனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், தூரமும் தாராளமாக வேண்டும். பாறை புரண்டால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கால் எந்தப் பக்கம் எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று பார்த்ததுண்டு. அண்டார்க்டிகாவின் டிசெப்ஷன் தீவுக்குள் நுழையும் வாய், பெயர் நெப்டியூன்ஸ் பெல்லோஸ். நடுவிலேயே ராவன் பாறை, தண்ணீருக்கு வெறும் 2.5 மீட்டர் கீழே. வாய் அகலமாகத் தெரியும், நடுவில் போவதுதான் பத்திரம் என்று தோன்றும். பாய் முழுக்கச் சுருட்டி, இன்ஜினில், வடபக்கத்துச் செங்குத்துப் பாறையை ஒட்டித்தான் போக வேண்டும். முன்தளத்தில் நின்ற பயணிகள் சுவர் இவ்வளவு கிட்டேயா என்று பதறினார்கள். கேப்டன் ஆழம் காட்டும் எதிரொலிமானியையும் அந்தச் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு பென்குயின் கூட்டம் துள்ளிப் போனது, எல்லாரும் கேமராவோடு அந்தப் பக்கம் ஓடினார்கள். அது ராவன் பாறை இருக்கிற பக்கம். அங்கே தண்ணீர் வேறெங்கும் போலத்தான் இருந்தது.

நள்ளிரவு_வாட்ச்

சுக்கான்_கைக்கு: வேகம் பற்றிச் சொன்னது சரி. மறுநாள் ராத்திரி கப்பல் மூன்று நாட் வேகத்தில்தான் போனது. லுக்கவுட் வாட்சில் தகவல் பதினாலு தடவை வந்தது. பதின்மூன்று நுரை, ஒன்று கடற்பறவைக் கூட்டம்.