ஓட்டைக் காலணா முதல் புலி ரூபாய் வரை: போர்க்காலச் சில்லறை சேர்ப்போர் ஒவ்வொருவராகச் சொன்ன அனுபவங்கள்

பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலத்து இந்தியக் காசுகளை வரலாற்றுக்காகச் சேர்க்கிறவர்கள் பளபளக்கும் காசைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஒரு காசின் விலைக்குத் தேய்ந்த காசுகளில் முழு வரிசையே கிடைக்கும். காலணாவில் தொடங்குங்கள். 1942 வரை வந்த வெண்கலக் காசு 4.86 கிராம். 1943-இல் நடுவில் பெரிய ஓட்டை போட்டு 2 கிராமுக்குள் அடக்கிவிட்டார்கள். செம்பு அவ்வளவு தட்டுப்பாடு. ஓட்டையின் உள்விளிம்பை லென்ஸில் பாருங்கள். ஒரே பக்கம் மழுங்கியிருந்தால் கயிற்றில் கோத்து வைத்த காசாக இருக்கலாம். ஓட்டையைச் சுற்றி வட்டமாக வடு இருந்தால் யாரோ வாஷராகப் போட்டு முடுக்கியிருக்கிறார்கள். தரம் பார்ப்பவர் ஒதுக்கும் காசு இது. நமக்கு இதுதான் வேண்டும்.

*

ரூபாய்க்குத் தராசை மட்டும் நம்பாதீர்கள். 1940-இல் வெள்ளி 91.7 சதவீதத்திலிருந்து 50-க்கு இறங்கியது, எடை மட்டும் அதே 11.66 கிராம். விளிம்பில்தான் வித்தியாசம்: பழையதில் வெறும் வரிகள், புதியதில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளக்கோடு. 1939 ரூபாய் மிக அரிது, ஆண்டைத் திருத்திய போலிகள் உண்டு. 1939 என்று போட்டு விளிம்பில் பள்ளம் இருந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்த வார்ப்புப் போலியைப் பிடிக்க இன்னொரு வழி. புழக்கத்தில் தேய்ந்த காசில் மேடான கன்னமும் கிரீடமும் முதலில் மழுங்கும், பள்ளத்தில் இருக்கும் எழுத்து கூர்மையாகவே நிற்கும். போலியில் எல்லாமே ஒரே சீராக மழுங்கியிருக்கும்.

*

அணாக்களை விட்டுவிட்டீர்களே சார். அரையணா, ஓரணா, இரண்டணா மூன்றும் 1942 முதல் 1945 வரை மஞ்சள் நிறம், நிக்கல் பித்தளை. 1946-இல் வெள்ளை நிறம். அடுத்த ஆண்டு ரூபாயே முழு நிக்கல், பின்பக்கம் புலி. அது காந்தத்தில் ஒட்ட வேண்டும். வெள்ளி ரூபாய் ஒட்டினால் போலி.

*

அழுக்கேறிய செம்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! புளியின் அமிலம் களிம்போடு மேல்தோலையும் உரித்துவிடும். செம்பு இளஞ்சிவப்பாகும், அந்தப் பழுப்பு நிறம் திரும்ப வராது. காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போட்டு, தினம் தண்ணீரை மாற்றி, மண் இளகியதும் மூங்கில் குச்சியால் நெருடி எடுங்கள். கெட்டியான கரும்பச்சைக் களிம்பை அப்படியே விடலாம். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் உள்ளே குளோரைடு உப்பு இருக்கிறது. அந்தக் காசைத் தனியாக வையுங்கள். ஈரம் படப்பட அரிப்பு தொடரும்.

மெதுமெதுவென்ற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பம் வேண்டவே வேண்டாம். நம்மூர் வெயிலுக்கு அது இளகி, காசில் பச்சைப் பிசுக்கு ஏறும். அப்படி ஏறிவிட்டால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்து, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். அடுப்பங்கரையில் இந்த வேலை கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். அட்டைச் சட்டத்தில் மைலார் என்ற கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் தாள் உள்ள உறைதான் நல்லது.

*

அந்த அட்டையிலேயே ஆண்டு, மிண்ட் குறி (எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி), எடை, வாங்கிய ஊர் நான்கையும் பென்சிலில் எழுதிவிடலாம், ஆனால் காசை உள்ளே வைப்பதற்கு முன்னால். ஸ்டேப்ளர் பின்னின் முனைகளைக் குறடால் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்து உறையில் இருக்கும் காசில் கோடு விழும்.