சின்ன பாராசூட்டுக்கு மாறச் சொல்கிறார்கள், உங்கள் ஆலோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஸ்கைடைவிங்கில் 25 குதிப்புகளும் தேர்வும் முடித்து அமெரிக்க பாராசூட் சங்கத்தின் (யு.எஸ்.பி.ஏ.) 'ஏ' உரிமம், அதாவது முதல் நிலை உரிமம், வாங்கியிருக்கிறேன். இப்போது 210 சதுர அடி பாராசூட். கருவிகளோடு சேர்த்து என் எடை 190 பவுண்டு, அதாவது சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவு. கூடக் குதிக்கும் சிலர், "இன்னும் இதையா கட்டிக்கிட்டு அழுறே? 150-க்கு மாறு" என்று விடாமல் சொல்கிறார்கள். மாறினால் அது சதுர அடிக்கு 1.27 பவுண்டு ஆகிவிடும். வேகம் கூடும், கைப்பிடியை லேசாக இழுத்தாலே சட்டென்று திரும்பும்.

எனக்குப் பயம் தரையிறங்கும் கடைசி சில நொடிகளில்தான். நன்றாக விரிந்த பாராசூட்டோடு வந்தும், தாழ்வான உயரத்தில் ஒரு பக்கக் கைப்பிடியை ஆழமாக இழுத்துத் திரும்பி உயிரை விட்டவர்கள் உண்டு. பாராசூட் சாய்ந்து கீழே பாயும். நிமிர்வதற்கு உயரம் போதாது. தானாகவே பாராசூட்டைத் திறக்கும் ஏ.ஏ.டி. கருவியும் அங்கே கைகொடுக்காது. அது வேகமாக விழுந்துகொண்டிருப்பவருக்கு ரிசர்வ் எனும் மாற்றுப் பாராசூட்டைத் திறப்பதற்கு மட்டும்தான்.

அதனால் பெரிய பாராசூட்டிலேயே இருந்து, இரண்டு கைப்பிடியையும் பாதி இழுத்தபடி உயரம் அதிகம் இழக்காமல் திரும்பப் பழகலாம் என்று இருக்கிறேன். சரிதானே? பாராசூட் ஓட்டுவதற்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவர்கள், அதில் எது உண்மையிலேயே உதவியது என்று சொல்லுங்கள். அடுத்த அளவுக்கு இறங்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

அப்புறம், காற்று பலமான நாளில் எல்லோரும் விமானம் ஏறும்போது "நான் வரலை" என்று சொன்னால் முகம் சுளிக்காத ஸ்கைடைவிங் தளம் எது என்பதை, சேருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?