திறந்து கிடக்கும் புராஜெக்டுகளை எப்படிக் கட்டி மேய்க்கிறீர்கள்?

நான் நெட்பீன்ஸ் என்ற கோட் எழுதும் மென்பொருளில் ஜாவா வேலை பார்க்கிறேன். மூன்று வாடிக்கையாளர்கள், ஒரே மடிக்கணினி. முன்பெல்லாம் எல்லா புராஜெக்டும் இடப்பக்கம் நீளமாகத் திறந்தே கிடக்கும். காலையில் நெட்பீன்ஸைத் தொடங்கினால் கீழே ஸ்கேனிங் (திறந்திருக்கும் கோட் முழுவதையும் படித்துப் பட்டியலிடும் வேலை) ஓடிக்கொண்டே இருக்கும். அது முடியும்வரை கோட் கம்ப்ளீஷன் (பாதி அடித்ததும் மீதியை அதுவே காட்டுவது) ஒழுங்காக வராது. அதைவிடப் பெரிய தொல்லை பெயர்க் குழப்பம். கண்ட்ரோல்-ஓ அழுத்தி 'இன்வாய்ஸ்சர்வீஸ்' என்று தேடினால் ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் வந்து நிற்கும். எது எந்த புராஜெக்ட் என்று பக்கத்திலேயே போட்டிருக்கும்தான், ஆனால் அவசரத்தில் அதை யார் படிக்கிறார்கள்?

இதற்கு வழி ஃபைல் மெனுவிலேயே இருக்கிறது: புராஜெக்ட் குரூப்ஸ். இப்போது வாடிக்கையாளருக்கு ஒரு குரூப். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் பழையவை மூடிக்கொள்ளும், புதியவை திறக்கும். மெயின் புராஜெக்ட் எது என்பதும் குரூப்போடு சேர்ந்தே மாறும். அதனால் எஃப்6 அழுத்தினால் அந்த வாடிக்கையாளரின் அப்ளிகேஷன்தான் ஓடும்.

குரூப் உருவாக்கும்போது மூன்று வகை காட்டும். ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும் எல்லா புராஜெக்டும் என்பது ஒன்று. ஒரு புராஜெக்டும் அதற்குத் தேவையானவையும் என்பது இன்னொன்று. நான் எடுப்பது ஃப்ரீ குரூப், நாமே பொறுக்கிச் சேர்ப்பது. அதில் 'தானாகச் சேமி' என்ற டிக் ஒன்று உண்டு. அது இருந்தால் நாம் எதைத் திறந்தாலும் குரூப்பில் சேர்ந்துவிடும், எதை மூடினாலும் குரூப்பிலிருந்தே போய்விடும். நான் அதை எடுத்துவிடுவேன். நடுவில் எதையாவது திறந்து பார்த்தாலும் குரூப் கலையாது. அடுத்த முறை வரும்போது வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும்.

பதில்:

நண்பரே, எங்கள் அலுவலகத்தில் எக்ளிப்ஸ், அதுவும் நெட்பீன்ஸ் மாதிரி ஒன்றுதான். அங்கே புராஜெக்டுகளைத் தொகுத்துக் காட்டும் ஒர்க்கிங் செட் என்று உண்டு. ஆனால் அதை உங்கள் குரூப் மாதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அது பார்வையிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். புராஜெக்ட் திறந்தேதான் இருக்கும். ஆட்டோ பில்ட் (சேமித்ததும் தானாகக் கம்பைல் செய்வது) போட்டிருந்தால் மறைந்திருப்பதும் சேர்ந்தே பில்ட் ஆகும். மெமரி குறைய வேண்டுமென்றால் நிஜமாகவே மூட வேண்டும். வேண்டிய புராஜெக்டில் ரைட் கிளிக் செய்து 'க்ளோஸ் அன்ரிலேட்டட் புராஜெக்ட்ஸ்' கொடுத்தால், அதற்குச் சம்பந்தமில்லாதவை மொத்தமாக மூடிக்கொள்ளும். இதைத் தெரியாமலேயே எக்ளிப்ஸ் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய.

பதில்:

நாங்கள் விஎஸ் கோட் என்ற எடிட்டரில் மல்டி ரூட் ஒர்க்ஸ்பேஸ் (பல ஃபோல்டர்களை ஒரே ஜன்னலில் திறப்பது) பயன்படுத்துகிறோம். எந்தெந்த ஃபோல்டர்கள் என்பதை ஒரு சின்ன ஜேசன் வடிவ டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, கோடைப் பகிர்ந்து வைக்கும் கிட்டில் போட்டுவிடுகிறோம். ஃபோல்டர் பாதைகளை ரிலேட்டிவாக (அந்த ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து) எழுதினால் யார் கணினியிலும் திறக்கும். புதிதாகச் சேர்கிறவர் கிட்டில் உள்ள கோட் தொகுப்புகளான ரெப்போக்களைப் பக்கத்துப் பக்கத்தில் க்ளோன் செய்து (தன் கணினிக்கு நகலெடுத்து), அந்த ஒரு ஃபைலைத் திறந்தால் போதும். ஒரு கேள்வி: உங்கள் குரூப்புகளுக்கு நடுவே பொதுவான லைப்ரரி (பல புராஜெக்டுகள் சேர்ந்து பயன்படுத்தும் கோட்) இருந்தால் என்ன செய்வீர்கள்?

பதில்:

நல்ல கேள்வி. ஒரே புராஜெக்டை எத்தனை குரூப்பில் வேண்டுமானாலும் வைக்கலாம்; குரூப் வைத்துக்கொள்வது இருக்கும் இடத்தை மட்டும்தான், நகல் எடுப்பதில்லை. ஆனால் கவனிக்க வேண்டிய இடமும் அதுதான். ஒரு மெத்தடை எங்கெங்கே பயன்படுத்தியிருக்கிறோம் என்று காட்டும் ஃபைண்ட் யூஸேஜஸ், திறந்திருக்கும் புராஜெக்டுகளில்தான் தேடும். முதல் வாடிக்கையாளரின் குரூப்பில் இருந்துகொண்டு லைப்ரரியில் ஒரு மெத்தட் பெயரை மாற்றினால், இரண்டாமவரின் கோட் உடைந்தது அங்கே தெரியாது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து 'மொத்தம்' என்று தனியாக ஒரு குரூப் வைத்திருக்கிறேன். ஸ்கேனிங் ஆகும்வரை காத்திருக்க வேண்டும், பரவாயில்லை. லைப்ரரியில் கைவைப்பதற்கு முன் அதற்கு மாறி, ஃபைண்ட் யூஸேஜஸுக்கான ஆல்ட்-எஃப்7 அழுத்தி யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.