மறு: ஜங்ஷன் வளைவுக்கு நன்கொடை – மொதல்ல ரோட்டப் பாருங்க

மேலவிளை அண்ணனுக்கும் மத்த எல்லாருக்கும்,

நம்ம ஊரு ஜங்ஷன்ல ரோட்டுக்க மேல பேரு எழுதுன அலங்கார வளைவு கட்டணும், தலைக்கு இவ்வளவு தரணும்னு அண்ணன் போட்ட மடலப் பாத்தேன். நான் தரமாட்டேன். ஏன்னு எழுதுகேன்.

மயினி (மதினி) லீவுக்கு குமரி மாவட்டத்துல நம்ம ஊருக்கு போயிட்டு போன வாரந்தான் வந்தாவ. அழகியமண்டபத்துலருந்து வேர்கிளம்பிக்கு ஆட்டோல போயிருக்காவ, ரோட்டுக்க ஓரத்துல தாருக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் எறக்கம், எதுக்க கல்லு ஏத்திட்டு டாரஸ் லாரி வந்துருக்கு, ஆட்டோக்காரரு ஒதுக்குனதும் பின் வீலு கீழ எறங்கி வண்டி சரிஞ்சுட்டு. கம்பியப் பிடிச்சிருந்ததுனால அவியளுக்கு ஒண்ணும் ஆகல்ல. பின்னால சைக்கிள்ல வந்த ஸ்கூல் பிள்ள ரோட்டுலயே நின்னு அழுதுதாம்.

காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ரப்பர் விளை (தோட்டம்) மேல, ரோடு தாழ. ஓடைய மூடி ஆளாளுக்கு வாசல்ல ஸ்லாப் போட்டாச்சு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை வெள்ளத்துக்கு போக வழியில்லாம தாருக்க மேலயே ஓடி ஓரத்த அரிச்சுட்டுப் போவுது. அண்ணே, உங்களுக்க தம்பி வீட்டு முன்னாலயும் ஒரு ஸ்லாப் கெடக்கு. அன்னைக்கு நான் இதச் சொன்னப்ப எல்லாருமா கூடி என்ன வாயடைக்க வச்சிய, நான் அத மறக்கல்ல.

குளச்சல், திங்கள்சந்தை, அழகியமண்டபம், வேர்கிளம்பி, திருவட்டாருன்னு போற சின்ன ரோடுதான், ஆனா நமக்க கடலயும் மலையயும் சேத்து வச்சிருக்கது இதுதான். சாளையும் நெத்திலியும் இதுவழி மேல ஏறி வந்தாதான் அம்மைக்கு மரச்சீனிக் கெழங்கு அடுப்புல ஏறும், ரப்பர் ஷீட்டு கீழ எறங்குனதும் இதுவழிதான். 2022 ஜூலை 6-ல திருவட்டாரு ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல 418 வருஷம் கழிச்சு கும்பாபிஷேகம் நடந்தப்ப நம்ம ஆளுவ போனதும் இதுவழிதான். பெருமைன்னா இதுல்லா பெருமை, சிமெண்டுல பேரு எழுதி வச்சாத்தானா?

இன்னொண்ணு. 2017-ல ஓகி புயலுக்குப் பிரிச்ச காசுல மிச்சம் என்னாச்சு? கெழக்கதில் மாமா இருந்தவரைக்கும் டீக்காசுக்கு கூட துண்டுச்சீட்டு வச்சிருந்தாவ. அந்தக் கணக்கு இங்க வராம அடுத்த பணப்பிரிவு வேண்டாம்.

இது ஸ்டேட் ஹைவே, பஞ்சாயத்து ரோடு இல்ல. வளைவு வைக்கவே நெடுஞ்சாலைத் துறைக்கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு அலையுத அலைச்சல்ல ஓடையத் தோண்டி ஓரத்துக்கு கிராவல் அடிச்சுத் தரச்சொல்லி மனு குடுக்கலாமே. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம மனுநாள் இருக்கு. கிறிஸ்மஸ் லீவுக்கு போறவிய ஓரம் இடிஞ்ச எடத்தையெல்லாம் போட்டோ எடுத்து இங்க போடுங்க, மனு நான் எழுதுகேன். அண்ணே, அதுக்குள்ள தம்பிட்டச் சொல்லி அந்த ஸ்லாப்ப எடுக்கச் சொல்லுங்க.