சுகர் ஓ.பி.யில் மூன்று மணி நேரக் காத்திருப்பு: எங்கே கைவைப்பது?

ஓ.பி. பொறுப்பாளர் (கேள்வி)
நீரிழிவு ஓ.பி.யில் எல்லாருக்கும் காலை 8 மணி டோக்கன். வெறும் வயிற்றில் ரத்தம், சாப்பாடு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம், ரிசல்ட் வந்தபிறகு டாக்டர். உள்ளே பத்து நிமிடம், வெளியே மூன்று மணி நேரம். இன்னொரு டாக்டர் வந்தால் தீருமா, நேரம் பிரித்துக் கொடுத்தாலே போதுமா?

வரிசைக் கணக்கு
இன்னொரு டாக்டர் வேண்டும் என்று கேட்கும் முன் ஒரு வாரம் நேரம் குறியுங்கள். சீட்டின் ஓரத்தில் ஆறு கட்டம் போதும்: வந்தது, பதிவு, ரத்தம் எடுத்தது, ரிசல்ட் வந்தது, அறைக்குள் போனது, வெளியே வந்தது. 9 மணிக்கு நேரம் கொடுத்து 7:30க்கே வந்தவருக்குக் காத்திருப்பை 9லிருந்து எண்ணுங்கள். ஆனால் அந்த 7:30ஐயும் எழுதி வையுங்கள். பலர் அப்படி வந்தால், நீங்கள் கொடுக்கும் நேரத்தை யாரும் நம்பவில்லை என்று பொருள். சராசரியோடு நிற்காமல், பத்தில் ஒன்பது பேர் எத்தனை நிமிடத்துக்குள் உள்ளே போனார்கள் என்று பாருங்கள்.

ஆட்கள் ஒழுங்கில்லாமல் வந்து ஒரே டாக்டர் பார்க்கும் எளிய மாதிரியில், அவர் நேரம் 80 சதவீதம் நிரம்பினால் சராசரிக் காத்திருப்பு பார்க்கும் நேரத்தைப் போல 4 மடங்கு. 90 ஆனால் 9 மடங்கு, 95 ஆனால் 19. கடைசியாகத் திணிக்கும் நாலைந்து பேர்தான் எல்லாரையும் உட்கார வைக்கிறார்கள். ஓ.பி. காத்திருப்பை ஆராய்ந்த பெய்லியும் வெல்ச்சும் 1952லேயே சொன்ன வழி: முதல் நேரத்துக்கு இருவர், பிறகு ஒருவரைப் பார்க்க ஆகும் சராசரி நேரத்துக்கு ஒருவர் வீதம். டாக்டர் அரை மணி தாமதமாக உட்கார்ந்தால் இதெல்லாம் வீண்.

லேப் பக்கம்
இங்கே டாக்டரைவிட சாப்பிட்டபின் எடுக்கும் சுகர்தான் பெரிய தடை. அந்த இரண்டு மணி நேரத்தை நீங்களே விதியாக வைத்திருக்கிறீர்கள். வழக்கமான மறுபரிசோதனைக்கு ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் ரத்தச் சோதனை) பெரும்பாலும் போதும். வெறும் வயிறு வேண்டாம், முந்தைய வாரமே எடுத்துவிடலாம். கர்ப்பிணிகள், சாப்பாட்டு நேர இன்சுலின் அளவு மாற்றுபவர்கள், ஹெச்பிஏ1சியும் வீட்டு மீட்டரும் ஒத்துப்போகாதவர்கள் ஆகியோருக்கு மட்டும் சாப்பிட்டபின் சுகரை வையுங்கள். ரத்தசோகை, முற்றிய சிறுநீரகக் கோளாறு, அண்மையில் ரத்தம் ஏற்றியது என்றால் ஹெச்பிஏ1சியை நம்பாதீர்கள்.

நாற்பது குழாய் சேரட்டும் என்று காத்திருந்து அனுப்பும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். செல்களைப் பிரிக்காமல் கிடக்கும் ரத்தத்தில் சுகர் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் இறங்கும். சுகர் சோதனைக்கான சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அதை முழுசாகத் தடுக்காது. கால் மணிக்கு ஒருமுறை ஓர் ஆள் கொண்டுபோனால் ரிசல்ட்டும் சீராக வரும், டாக்டர் மேசையில் ஒரேயடியாகக் குவியாது.

நீரிழிவு நர்ஸ்
வெறும் வயிறு அவசியமானவர்களுக்கு முதல் நேரத்தைக் கொடுங்கள். அன்று காலை எந்த ஊசி, எந்த மாத்திரையைத் தள்ளிப்போடுவது என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். கிளிமிபிரைடு (சுகரை இறக்கும் மாத்திரை) போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவருக்குத்தான் ஆபத்து. வியர்வை, நடுக்கம் தெரிந்தால் டோக்கன் பார்க்காமல் விரல் நுனியில் சோதியுங்கள், 70 மி.கி.க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை.

காத்திருக்கும் நேரத்தில் வேலையை நகர்த்துங்கள். முதலில் இன்சுலின் பேனாவில் அளவு வைக்கச் சொல்லிக்கொடுப்பது, அப்புறம் கண் சோதனைக்காகக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. இதை முன்பின் மாற்றினால், சொட்டு மருந்தில் பார்வை மங்கி, பேனா எண்ணே அவருக்குத் தெரியாது! பாப்பா விரிய 20-30 நிமிடம். அதற்குள் செருப்பைக் கழற்றச் சொல்லி 10 கிராம் மோனோஃபிலமென்டில் (தொடு உணர்வைச் சோதிக்கும் நைலான் இழை) பாதத்தைப் பார்த்துவிடலாம்.

ஓ.பி. பொறுப்பாளர்
முன்வாரமே ரத்தம் என்றால் தூரத்திலிருந்து வருபவர்கள் இரண்டு முறை அலையணுமே?

லேப் பக்கம்
அவர்கள் வீட்டுக்குப் பக்கத்து லேபில் கொடுத்து ரிசல்ட்டை மட்டும் அனுப்பட்டும். அதுவும் முடியாதவருக்கு விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் ஹெச்பிஏ1சி கருவி. ஒருவருக்கு ஆறு நிமிடம் என்றால் மணிக்குப் பத்துப் பேர்தான் உச்சம், அதனால் அவர்களையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லாதீர்கள். கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல் சோதனையை முதல் நோயாளி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.