வார்த்த லென்ஸுக்குள் ஹோலோகிராம் மங்குகிறது, உதவி தேவை

ஜெர்மனியின் யேனாவில் ஒரு ஆய்வகத்தில் ஸ்மார்ட் கண்ணாடிக்கான லென்ஸ் செய்கிறேன். ஃபோட்டோபாலிமர் (ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக்) படலத்தில் 532 நானோமீட்டர் பச்சை லேசரால் பிரதிபலிப்பு ஹோலோகிராம் பதிந்து, அதை அச்சுக்குள் வைத்து, சிஆர்-39 என்ற, மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கான திரவ ரெசின் ஊற்றி, அடுப்பில் இறுக்குகிறோம். படலம் 16 மைக்ரான். ஒரு பக்கம் டிஏசி (ட்ரைஅசிட்டேட் என்ற தெளிவான பிளாஸ்டிக்) தாள், மறுபக்கம் வெறுமை.

அச்சில் வைக்கும்வரை படம் பளிச்சென்று இருக்கிறது. மறுநாள் லென்ஸை எடுத்தால் மங்கல். ஆனால் லென்ஸைச் சற்றுச் சாய்த்தால் அதே பச்சை திரும்ப வருகிறது! ஸ்பெக்ட்ரோமீட்டரிலும் உச்சம் மஞ்சள் பக்கம் நகர்ந்திருக்கிறது. எனவே இறுகாத மோனோமர் (ரெசினின் திரவ மூலக்கூறுகள்) உள்ளே புகுந்து படலம் உப்பி, பதிந்த அடுக்குகளின் இடைவெளி கூடுகிறது என்றே நினைக்கிறேன். வெட்டிய விளிம்போரம்தான் ரொம்ப மோசம்.

வார்ப்பதற்கு முன் யூவி ஒளியில் முழுமையாக நிலைப்படுத்திப் பார்த்தாச்சு. சூட்டை மெதுவாக ஏற்றியும் பலனில்லை. வெறும் பக்கத்தில் இன்னொரு டிஏசி தாள் ஒட்டினால் நடுப்பகுதி தேறுகிறது. ஆனால் ரெசின் இறுகும்போது சுமார் 14% சுருங்குவதால் ஓரம் பிரிந்துவிடுகிறது. இரண்டு லென்ஸுக்கு நடுவே ஒட்டும் வழி வேண்டாம், தடிமன் கூடிவிடும்.

மோனோமரைத் தடுத்து, சுருக்கத்தையும் தாங்கி, ஓரத்தையும் மூடுகிற தெளிவான பூச்சு எதையாவது யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?